இரண்டு பேர் பயணத்துக்கு ஒருவர் மட்டும் வழி சொல்லலாமா?

கணவர் வேலையில் இருந்து ஓய்வு பெற்று விட்டார். மகளுக்குத் திருமணம் ஆகி விட்டது. வீட்டுக் கடன் தீர்ந்து விட்டது. கையில் கொஞ்சம் பணமும் இருக்கிறது.

ஒருநாள் இரவு சாப்பாடு முடிந்து, கை கழுவிக் கொண்டே அவர் சொல்கிறார்:

"காலமெல்லாம் ஆபீசும் வீடும் என்று ஓடிப் போய் விட்டது. இரண்டு மாதம் வெளிநாடு போய்ச் சுற்றி விட்டு வருவோமா?"

மனைவி பதில் சொல்கிறார்:

"உங்க இஷ்டம்."

எத்தனையோ வீடுகளில் கேட்கும் பதில் இது. காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால், ஒரு நீண்ட பயணம் கெட்டுப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

பிறகு நடப்பது என்ன? எந்த நாடு, எத்தனை நாள், எந்த ஓட்டல் என்று கணவர் முடிவு செய்கிறார். அல்லது வெளிநாட்டில் இருக்கும் மகன் முடிவு செய்கிறான். இருவரும் இல்லாவிட்டால் பயணக் கம்பெனிக்காரர் முடிவு செய்கிறார். மனைவியிடம் விடப்படுவது ஒன்றே ஒன்று. பருப்புப்பொடி எத்தனை கிலோ எடுத்துக் கொள்வது?

இது தவறு. மனைவிக்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்பதற்காக மட்டும் சொல்வது அல்ல. அன்னிய நாட்டில் இரண்டு மாதம் என்பது, கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் மட்டுமே நம்பி நிற்கும் காலம். பயணத்தின் திட்டம் முழுவதும் ஒருவர் தலைக்குள் இருந்தால், அந்தத் தலைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் பயணம் நின்று விடும்.

16 நாள், 10 நாடு!

"16 நாளில் 10 நாடுகள்" என்ற மாதிரி விளம்பரங்களைப் பார்க்காதவர் இல்லை. கேட்டதும் ஆசை வருகிறது. ஒரே செலவில் பத்து நாடு என்றால் லாபம்தானே?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போகும் நாள் ஒன்று, வரும் நாள் ஒன்று. மிச்சம் 14 நாள். பத்து நாட்டுக்கு ஒன்பது முறை எல்லை தாண்ட வேண்டும். பெட்டி கட்டி, வண்டி ஏறி, இறங்கி, புது அறையைத் தேடிப் பிடித்துப் பெட்டியைத் திறப்பதற்குள் ஒவ்வொரு முறையும் அரை நாளாவது போய் விடும். அதில் நாலரை நாள் காலி. மிச்சம் ஒன்பதரை நாள். ஒரு நாட்டுக்கு ஒரு நாள் கூடத் தேறவில்லை!

ஐபெல் கோபுரத்தின் அடியில் ஒரு போட்டோ. ஆம்ஸ்டர்டாம் கால்வாய்ப் படகில் ஒரு போட்டோ. பனிமலையில் கையை விரித்தபடி ஒரு போட்டோ. ஊர் திரும்பியதும் பேத்தி கேட்கிறாள்: "பாட்டி, இது எந்த ஊர்?" பாட்டி தாத்தாவைப் பார்க்கிறார். தாத்தா கண்ணாடியைத் தேடுகிறார்.

இத்தகைய கூட்டுப் பயணங்களே கூடாது என்று சொல்ல முடியாது. இரண்டு வாரம்தான் லீவு, மொழி பயம், சைவச் சாப்பாடு வேண்டும் என்பவர்களுக்கு அவை பெரிய உதவி. ஆனால், இரண்டு மாதம் கையில் வைத்துக் கொண்டு அதே ஓட்டத்தை நான்கு மடங்காக ஓடுவது என்ன புத்தி?

60 நாள் பயணத்துக்கு ஆறு ஊர் போதும். மிஞ்சிப் போனால் எட்டு. ஓர் ஊரில் ஒரு வாரம் தங்கி, அங்கிருந்து பக்கத்து ஊர்களுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பலாம். ஜப்பானில் கியோட்டோவில் அறை எடுத்தால், நாராவுக்கு ரெயிலில் ஒரு மணி நேரம் கூட ஆகாது. ஒசாகா அரை மணி நேரம். இத்தாலியில் பிளாரன்சில் இருந்தால், பைசா நகரின் சாய்ந்த கோபுரத்தைப் பார்த்து விட்டு இரவுச் சாப்பாட்டுக்கு அறைக்கு வந்து விடலாம். பெட்டி அசையாது. முதுகும் வலிக்காது.

இரண்டு காகிதம்

சரி, எந்த ஆறு ஊர்?

இதற்கு ஒரு வழி உண்டு. இரண்டு காகிதம் எடுக்க வேண்டும். கணவர் ஒன்றில் எழுத வேண்டும். மனைவி ஒன்றில் எழுத வேண்டும். ஆளுக்கு ஐந்து விருப்பங்கள். ஏன் என்பதற்கு ஒரு வரி. எழுதி முடிக்கும் வரை ஒருவர் காகிதத்தை மற்றவர் பார்க்கக் கூடாது.

முக்கியமான விதி, கடைசி விதிதான். எதிரே உட்கார்ந்து பேசினால் "உங்க இஷ்டம்" வந்து விடும். தனியாக எழுதினால்தான் சொந்த இஷ்டம் வெளியே வரும். முப்பது ஆண்டு சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கும் அப்போது ஆச்சரியம் காத்திருக்கும்.

கணவர் காகிதத்தில் என்ன இருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். பாரிஸ், ரோம், லண்டன். கிரிக்கெட் பிரியராக இருந்தால் லார்ட்ஸ் மைதானம்.

மனைவி காகிதத்தில்? "பனி விழுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும்" என்று இருக்கலாம். "அங்கோர்வாட் கோவில்" என்று இருக்கலாம். "ஏதாவது ஓர் ஊரில் பத்து நாள் ஒரு வேலையும் இல்லாமல் சும்மா இருக்க வேண்டும்" என்றும் இருக்கலாம்.

கடைசியாகச் சொன்னது ஊரே அல்லவே என்று கணவர் சிரிக்கக் கூடாது. இரண்டு காகிதத்திலும் அதுதான் மிக நியாயமான ஆசை. அதற்கு ஓர் ஊரைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கணவர் வேலை.

அங்கோர்வாட்டையே எடுத்துக் கொள்வோம். கம்போடியாவில், 12-ம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்காக எழுப்பிய கோவில் அது. தேவர்களும் அசுரர்களும் பாற்கடலைக் கடையும் காட்சி அங்கே ஒரே சுவரில் 49 மீட்டர் நீளத்துக்குச் செதுக்கப்பட்டு இருக்கிறது. நம் வீட்டுப் பெண்மணி அதன் முன் நின்றால், வழிகாட்டி தேவை இல்லை. கதை அவருக்குத் தெரியும். வாசுகி எது, மந்தர மலை எது என்று அவரே மற்றவர்களுக்குச் சொல்வார். பாரிஸ் அரும்பொருட்காட்சி சாலையில் வாயடைத்து நிற்கும் அதே அம்மாள், இங்கே ஆசிரியை ஆகி விடுவார். ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

அங்கே அனுமதிச் சீட்டு விலையும் ஒரு பாடம்தான். ஒரு நாளைக்கு 37 டாலர். மூன்று நாளுக்கு 62 டாலர். ஏழு நாளுக்கு 72 டாலர். மூன்று நாளில் இருந்து ஏழு நாளாக்க 10 டாலர்தான் அதிகம். அந்த ஏழு நாளையும் ஒரு மாதத்துக்குள் விட்டு விட்டுப் பயன்படுத்தலாம். "அவசரப்படாதே, இருந்து பார்த்து விட்டுப் போ" என்று டிக்கெட்டு கொடுப்பவரே சொல்கிறார்!

ஒரு எச்சரிக்கை. 2025-ல் தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் எல்லையில் சண்டை மூண்டு, தரைவழிகள் மூடப்பட்டன. பாங்காக்கில் இருந்து பஸ்சிலேயே போகலாம் என்று பழைய புத்தகத்தைப் பார்த்துத் திட்டம் போட்டவர்கள் திண்டாட வேண்டியதாயிற்று. ஜப்பானிலும் அப்படித்தான். வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஏழு நாள் ரெயில் பாஸ் 29,650 யென்னாக இருந்தது. 2023 அக்டோபரில் ஒரே அடியாக 50,000 யென் ஆகி விட்டது. "அந்தப் பாஸ் வாங்கினால் கொள்ளை லாபம்" என்று போய் வந்த நண்பர் சொல்வார். அவர் எந்த ஆண்டு போனார் என்று கேட்க வேண்டும்.

தூரத்து ஊர் முதலில்

பலர் செய்யும் இன்னொரு தவறு உண்டு. "முதலில் சிங்கப்பூர், மலேசியா போவோம். பழகிக் கொண்ட பிறகு ஐரோப்பா பார்க்கலாம்" என்பார்கள்.

கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால், முழங்காலின் நியாயம் வேறு. 60 வயதில் ரோம் நகரத்தின் கருங்கல் தெருக்களில் நடக்க முடியும். 70 வயதில் முடியுமா என்பது சந்தேகம். சிங்கப்பூரோ கொழும்போ எங்கும் ஓடி விடாது. சில மணி நேர விமானப் பயணம். எழுபதிலும் போகலாம். ஆகையால், தூரமும் நடையும் உள்ள ஊரை முதலில் முடித்து விட வேண்டும். பக்கத்து ஊரைப் பின்னால் வைத்துக் கொள்ளலாம்.

கொச்சி நகரில் விஜயன் என்பவர் மனைவி மோகனாவுடன் சிறிய டீக்கடை நடத்தி வந்தார். வேலையாட்கள் இல்லை. இருவரும்தான் எல்லாம். நாள்தோறும் ரூ.300 எடுத்து வைப்பார்கள். போதாததற்குக் கடன் வாங்குவார்கள். வெளிநாடு போவார்கள். திரும்பி வந்து, டீ ஆற்றியே கடனை அடைப்பார்கள். அடைந்ததும் அடுத்த நாடு! 2007-ல் தொடங்கி இப்படி 26 நாடுகளைப் பார்த்து விட்டார்கள். 2019-ல் அவர்கள் கதையைக் கேள்விப்பட்ட ஒரு தொழில் அதிபர் உதவியால் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போனார்கள்.

2021 அக்டோபரில் ரஷியா போய் வந்தார்கள். அடுத்த மாதமே விஜயன் மாரடைப்பால் காலமானார்.

கடன் வாங்கிப் பயணம் போவது எல்லோருக்கும் சரிப்படாது. வைப்புநிதிப் பணத்தை எல்லாம் கரைத்து விட்டு, திரும்பி வந்து ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பிள்ளைகளிடம் கை நீட்டுவது அதைவிடக் கேவலம். ஆனால், "பிறகு பார்க்கலாம்" என்று விஜயன் சொல்லி இருந்தால்? மோகனா அம்மாளுக்கு அந்த 26 நாடுகளின் நினைவு கிடைத்து இருக்குமா?

பூ எப்போது பூக்கும்?

ஊர்களை முடிவு செய்தாகி விட்டது. இனி எந்த ஊர் முன்னால், எந்த ஊர் பின்னால் என்பது. இதில் கணவரும் மனைவியும் சண்டை போட வேண்டியது இல்லை. பருவமே முடிவு செய்து விடும்.

ஒருவர் துலிப் மலர்த் தோட்டம் கேட்கிறார். மற்றவர் சுவிட்சர்லாந்து மலை கேட்கிறார். இருவருமே இத்தாலியும் பார்க்க வேண்டும் என்கிறார்கள். நெதர்லாந்தில் புகழ்பெற்ற கியூக்கன்ஹோப் தோட்டம் மார்ச் பிற்பகுதியில் இருந்து மே நடுப்பகுதிக்குள் எட்டு வாரம்தான் திறந்து இருக்கும். மலைகளிலோ உயரமான சாலைகள் பனி விலகித் திறப்பது பெரும்பாலும் ஜூனில். இத்தாலியில் ஜூலை, ஆகஸ்டு வெயில் நம் ஊர் வெயிலுக்குத் தங்கை.

ஆகவே, ஏப்ரல் கடைசியில் நெதர்லாந்தில் இறங்க வேண்டும். மே மாதம் இத்தாலி. ஜூனில் சுவிட்சர்லாந்து ஏறி, அங்கிருந்தே ஊருக்கு விமானம். போகும்போது ஆம்ஸ்டர்டாம், திரும்பும்போது சூரிச் என்று ஒரே டிக்கெட்டாக வாங்கலாம். ஏறிய இடத்துக்கே திரும்பி வந்துதான் விமானம் பிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. இது தெரியாமல் இரண்டு நாளையும் ரெயில் கட்டணத்தையும் வீணாக்குகிறவர்கள் பலர்.

ஜப்பானில் செர்ரிப் பூ பார்க்க வேண்டும் என்றால் டோக்கியோ, கியோட்டோ பகுதிகளில் மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம். ஏப்ரல் கடைசியில் இருந்து மே முதல் வாரம் வரை அங்கே தொடர் விடுமுறை. ரெயிலிலும் ஓட்டலிலும் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஜூனில் மழை. இலைகள் சிவந்து உதிரும் அழகைப் பார்க்க நவம்பர்.

விசா கணக்கும் இத்துடன் சேர்ந்தது. ஐரோப்பாவில் 29 நாடுகள் சேர்ந்த ஷெங்கன் பகுதிக்கு ஒரே விசா போதும். ஆனால், எந்த 180 நாளை எடுத்துக் கொண்டாலும் அதற்குள் மொத்தம் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. போய் இறங்கும் நாளும் கணக்கு. புறப்படும் நாளும் கணக்கு. ஜெர்மனியில் இருக்கும் மகளின் பிரசவத்துக்கு மூன்று மாதத்துக்கு முன்புதான் மனைவி இரண்டு மாதம் போய் வந்தார் என்றால், அதுவும் அவர் கணக்கில் சேரும். கணவருக்கு 90 நாள் இருக்கும். மனைவிக்கு 30 நாள்தான் இருக்கும்! 2025 அக்டோபர் 12 முதல் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாகக் கைரேகையும் முகமும் எடுத்துக் கணினியில் பதியும் முறை தொடங்கியது. இனி நாளை மறைக்கவும் முடியாது, மறக்கவும் முடியாது.

இங்கிலாந்து இதில் சேராது. அதற்குத் தனி விசா. லார்ட்ஸ் மைதானத்தைக் காகிதத்தில் எழுதியவர் இந்தச் செலவையும் சேர்த்து எழுத வேண்டும்.

மலை ஏறும் முன்பு

சுவிட்சர்லாந்தில் யுங்பிராயோக் என்ற இடத்துக்கு ரெயிலிலேயே ஏறிப் போகலாம். உயரம் 3,454 மீட்டர். நம் நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். ரெயிலில் உட்கார்ந்தபடியே போவதால் உயரம் தெரியாது. இறங்கி நாலு படி ஏறினால் மூச்சு சொல்லும். இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அந்த டிக்கெட்டை வாங்கக் கூடாது.

வெனிஸ் நகரத்தைப் படத்தில் பார்ப்பவர்களுக்குப் படகுதான் தெரியும். அங்கே சுமார் 400 பாலங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் ஏறப் படி, இறங்கப் படி. ஊருக்குள் காரும் கிடையாது, ஆட்டோவும் கிடையாது. 25 கிலோ பெட்டியை யார் தூக்குவது? "இரண்டு மாதத்துக்கு எட்டுப் பட்டுப்புடவை வேண்டும்" என்பவரும், "நான்கு ஜோடி பூட்சு வேண்டும்" என்பவரும் அந்தப் பாலத்தின் அடியில் நின்று யோசிப்பார்கள். அறை எடுக்கும் முன் லிப்ட் உண்டா என்று கேட்பது முக்கியம். ஐரோப்பாவின் பழைய கட்டிடங்கள் பலவற்றில் கிடையாது.

மருந்து விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். ரத்தக் கொதிப்பு மாத்திரை, சர்க்கரை மாத்திரை இரண்டு மாதத்துக்கும் வாங்கிப் பையில் போட்டுக் கொள்வது நம் வழக்கம். ஜப்பானுக்குள் டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை ஒரு மாதத்துக்கு மேல் கொண்டு போக வேண்டுமானால், முன்கூட்டியே அந்த நாட்டு அரசிடம் அனுமதிச் சான்று வாங்க வேண்டும். சளிக்கு நாம் சாதாரணமாகப் போட்டுக் கொள்ளும் சில மருந்துகளுக்கு அங்கே தடையே உண்டு. மருந்தின் மூலப் பெயர் எழுதிய டாக்டர் சீட்டு கையோடு இருக்க வேண்டும்.

இன்சூரன்சு எடுக்கும்போது சர்க்கரையையும் ரத்தக் கொதிப்பையும் மறைத்து எழுதுகிறவர்கள் உண்டு. கட்டணம் கொஞ்சம் குறையும் என்ற ஆசை. பணம் கேட்கும் நேரத்தில் கம்பெனி கைவிரித்து விட்டால், வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் ஓர் இரவுக்கு ஆகும் பில் அந்த ஆசையைத் தின்று விடும்.

அங்கேயும் அடுப்பா?

சமையல் அறை உள்ள வாடகை வீடுகள் வெளிநாட்டு நகரங்களில் கிடைக்கின்றன. ஓட்டலைவிடச் செலவு குறைவு. அரிசி வாங்கிப் பொங்கலாம். சைவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஜப்பானில் காய்கறிக் குழம்பு என்று நம்பிச் சாப்பிட்டால், அதன் சாறே மீனில் வடித்ததாக இருக்கும்.

எல்லாம் சரி. யார் சமைப்பது?

35 ஆண்டு ஒரே அடுப்பின் முன் நின்ற பெண்ணை, விமானத்தில் ஏற்றிக் கொண்டு போய், ரோம் நகரத்தில் இன்னோர் அடுப்பின் முன் நிறுத்துவதற்குப் பெயர் உல்லாசப் பயணமா? கணவர் காலையில் கொலோசியத்தின் சரித்திரம் படித்துக் கொண்டு இருக்கிறார். மனைவி தயிர்சாதம் கட்டிக் கொண்டு இருக்கிறார். ஊருக்கு வந்ததும் கணவர் சொல்வார்: "சாப்பாட்டுக்குக் கஷ்டமே இல்லை!" உண்மைதான். அவருக்கு இல்லை.

புறப்படும் முன்பே இதைப் பேசி முடித்து விட வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் கணவர் சமைக்கட்டும். தெரியாதா? இரண்டு மாதம் முன்னதாக வீட்டிலேயே கற்றுக் கொள்ளட்டும். சாதமும் ரசமும் வைக்கத் தெரியாத ஒருவர் சுவிட்சர்லாந்து ரெயில் அட்டவணையைப் புரிந்து கொள்வார் என்று எப்படி நம்புவது?

இன்னொன்றும் உண்டு. வேலையில் இருந்த காலத்தில் கணவனும் மனைவியும் ஒரு நாளில் சேர்ந்து இருந்தது எத்தனை மணி நேரம்? காலையில் இரண்டு, இரவில் நான்கு. இப்போது ஒரே அறையில் 60 நாள், நாளெல்லாம்! எவ்வளவு அன்பான தம்பதிகளுக்கும் பத்தாம் நாள் கோபம் வரும். வழி கேட்கலாம் என்பார் ஒருவர். கேட்க வேண்டாம், எனக்குத் தெரியும் என்பார் மற்றவர். வாரத்தில் ஓர் அரை நாளாவது அவர் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம் போய் வர வேண்டும். அவர் அரும்பொருட்காட்சி சாலைக்குப் போகட்டும். இவர் சந்தைக்குப் போகட்டும், அல்லது பூங்காவில் சும்மா உட்கார்ந்து இருக்கட்டும். மாலையில் சந்திக்கும்போது சொல்வதற்கு இருவரிடமும் ஏதாவது இருக்கும்.

பை யாரிடம்?

விமான நிலையங்களில் பார்க்கலாம். பாஸ்போர்ட்டு இரண்டும் கணவர் பையில். டிக்கெட்டு இரண்டும் கணவர் செல்போனில். வெளிநாட்டுப் பணமும் பாங்கி அட்டையும் கணவர் சட்டைப்பையில். அட்டையின் ரகசிய எண் கணவர் தலையில். மனைவி கைப்பையில் இருப்பது சீப்பு, மாத்திரை, முறுக்கு.

ரெயிலில் இருந்து கணவர் இறங்கி விட்டார், மனைவி இறங்குவதற்குள் கதவு மூடி விட்டது என்று வைத்துக் கொள்வோம். டோக்கியோவில் இது நடக்க ஒரு நிமிடம் போதும். அவர் தங்கி இருக்கும் ஓட்டலின் பெயர் அவருக்குத் தெரியுமா? அதை ஜப்பானிய எழுத்தில் எழுதிய சீட்டு கையில் இருக்கிறதா? அவர் செல்போன் அங்கே வேலை செய்யுமா?

இதைவிடக் கடுமையானது, கணவர் ஆஸ்பத்திரியில் படுத்து விட்டால் என்ன என்பது. இன்சூரன்சு கம்பெனிக்கு யார் போன் செய்வது? எந்த எண்? பணம் அனுப்பப் பாங்கி கேட்கும் ஒருமுறைக் கடவு எண் கணவரின் செல்போனுக்கு வரும். அந்தப் போனைத் திறக்க மனைவிக்குத் தெரியுமா? அன்னிய ஊர், அன்னிய மொழி, நள்ளிரவு. அப்போதுதான் "உங்க இஷ்டம்" என்று சொன்னதன் விலை அந்த அம்மாளுக்குத் தெரியும். அவரை அப்படியே சொல்ல விட்டதன் விலை அந்தக் கணவருக்கும் தெரியும்.

ஆகையால், ஆளுக்கு ஒரு பை. அவரவர் பாஸ்போர்ட்டு அவரவரிடம். அட்டை ஆளுக்கு ஒன்று. பணம் பாதிப் பாதி. ஓட்டல்களின் பெயர், தேதி, இன்சூரன்சு எண், தூதரகத்தின் போன் எண் எல்லாம் தெளிவாகத் தமிழில் எழுதி இருவரிடமும் ஒரு பிரதி. கணவர் ஓய்வூதியக்காரராக இருந்தால் இன்னொரு குறிப்பும் வேண்டும். மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ்ச் சான்று கொடுக்க வேண்டும். செல்போனில் முகத்தைக் காட்டியே கொடுக்கும் வசதி வந்து விட்டது. செர்ரிப் பூவுக்குப் போகிறவர்களுக்குக் கவலை இல்லை. சிவந்த இலைக்குப் போகிறவர்கள் மறக்கக் கூடாது.

ஒத்திகையும் நல்லது. வெளிநாடு போவதற்கு முன், பத்து நாள் மொழி தெரியாத ஒரு வடநாட்டு ஊருக்குப் போய் வரலாம். போகும்போது எல்லாப் பொறுப்பும் மனைவிக்கு. ரெயில் டிக்கெட்டு, அறை, வழி கேட்பது, பேரம் பேசுவது எல்லாம் அவரே. கணவர் வாயைத் திறக்கக் கூடாது. இது கணவருக்குத்தான் கஷ்டமாக இருக்கும்! ஜெய்ப்பூர் ரெயில் நிலையத்தில் வழி தவறினால், நஷ்டம் ஓர் ஆட்டோ கட்டணம்தான்.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்னதாகவாவது கொடுத்து விட வேண்டும். ஏப்ரலில் துலிப் மலர் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பொங்கலுக்கு முன்பே காகிதங்களைச் சேர்த்து வைத்துக் கொள்வது நல்லது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறார்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். கணவன்-மனைவியாகச் சேர்ந்து போனாலும் படிவம் இரண்டு. எங்கே போகிறீர்கள், எத்தனை நாள், எதற்காக என்ற கேள்விகள் இரண்டு படிவத்திலும் இருக்கும். கையெழுத்தும் கைரேகையும் அவரவருடையது. கவுண்டரில் இருக்கும் அதிகாரி சில சமயம் மனைவியைப் பார்த்தே கேட்பார்: "எந்த ஊருக்கு அம்மா போகிறீர்கள்?"